செல்ஃப் எடுக்கவில்லையா? புது பேட்டரி வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

காலையில் செல்ஃப் எடுக்கவில்லை என்றால் பக்கத்து வீட்டுக்காரர் முதல் வாட்ச்மேன் வரை எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "பேட்டரி போச்சு சார்." பல நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் அழுக்கேறிய டெர்மினல், தளர்ந்த எர்த் வயர், சார்ஜ் ஏற்றாத டைனமோ (ஆல்டர்னேட்டர்) எல்லாமே அச்சு அசலாக அதே அறிகுறியைத்தான் காட்டும். காரணம் தெரியாமல் புது பேட்டரி மாட்டினால் அதுவும் சில நாளில் படுத்துவிடும். கடைக்காரர் வாரன்டி தர மறுப்பார்.

கையில் வேண்டியவை: சில நூறு ரூபாயில் கிடைக்கும் டிஜிட்டல் மல்டிமீட்டர், 10 எண் ஸ்பேனர், கொஞ்சம் உப்புத்தாள். கீழே உள்ளவை 12 வோல்ட் பேட்டரி உள்ள பெட்ரோல், டீசல் கார்களுக்கு.

பேட்டரி உப்பியிருந்தாலோ, விரிசல் விட்டிருந்தாலோ, அழுகிய முட்டை நாற்றம் அடித்தாலோ எந்தச் சோதனையும் வேண்டாம். ஜம்ப் (இன்னொரு வண்டியின் பேட்டரியிலிருந்து கேபிள் போட்டு ஸ்டார்ட் செய்வது) கொடுக்காதீர்கள், சார்ஜரும் மாட்டாதீர்கள். ஆளைக் கூப்பிடுங்கள்.

## எந்தத் தலைப்பு உங்களுடையது?

ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு செல்ஃப் அடியுங்கள். வண்டியைச் சுவருக்கு எதிரே நிறுத்தியிருந்தால் வெளிச்சம் நன்றாகத் தெரியும். வெளிச்சம் அடியோடு அணைந்தால் பேட்டரி இறங்கியிருக்கிறது, அல்லது டெர்மினல் பிடிக்கவில்லை. நன்றாக மங்கி, செல்ஃப் மெதுவாகச் சுற்றினால் பேட்டரி பலவீனம் அல்லது செல்ஃப் மோட்டார் இறுக்கம். வெளிச்சம் கொஞ்சமும் மாறவில்லை என்றால் செல்ஃப் மோட்டாருக்குக் கரன்ட் போகவே இல்லை, பேட்டரியை விட்டுவிடுங்கள்.

## எல்லாமே இருட்டு: டேஷ்போர்டு, ஹார்ன், டோர் லாக் எதுவும் இல்லை

ரிமோட் வேலை செய்யாது. ரிமோட்டுக்குள் ஒளிந்திருக்கும் சாதாரண சாவியை உருவி டிரைவர் கதவைத் திறங்கள்.

பேனட்டைத் திறந்து டெர்மினல்களைக் கையால் திருகிப் பாருங்கள். நூலளவு அசைந்தாலும் அதுதான் கோளாறு. அசையவில்லை என்றால் மீட்டரை பேட்டரியின் ஈயத் தண்டுகள் மேலேயே வைத்து அளந்து பாருங்கள். அதை மாட்டியிருக்கும் கிளாம்ப் மேல் வைக்காதீர்கள். தண்டில் 12.4 வோல்ட் இருந்து கிளாம்பில் இல்லை என்றால் இடையில் அழுக்கு. இரண்டிலும் இருக்கிறது, ஆனாலும் வண்டி இருட்டு என்றால் பிளஸ் பக்கத்து மெயின் ஃபியூஸ் போயிருக்கலாம். யாராவது சற்று முன் ஜம்பர் கேபிளைப் பிளஸ் மைனஸ் மாற்றிக் கொடுத்திருந்தால் முதல் சந்தேகமே அதன் மேல்தான் வர வேண்டும். அந்த ஃபியூஸ் பல வண்டிகளில் போல்ட் போட்டு இறுக்கியது. ஆட்டோ எலக்ட்ரீஷியன் மாற்றட்டும். அது போன வேகத்தில் வேறு என்ன போனது என்றும் அவர்தான் பார்க்க வேண்டும்.

தண்டிலேயே 11 வோல்ட்டுக்குக் கீழ் என்றால் பேட்டரி முழுதாக இறங்கிவிட்டது. அடுத்த தலைப்பில் ஜம்ப் கொடுக்கும் முறை இருக்கிறது.

## 'டக்டக்டக்' என்று படபடக்கிறது, சுற்றவில்லை

அதிகம் வரும் புகார் இதுதான். செல்ஃப் மோட்டாரின் சுவிட்சை இழுக்கும் அளவுக்குக் கரன்ட் இருக்கிறது, மோட்டாரைச் சுற்றும் அளவுக்கு இல்லை. காசில்லாத வேலையிலிருந்து தொடங்குங்கள்.

டெர்மினல். வெள்ளையாக, பச்சையாகப் பூத்திருந்தால் முதலில் மைனஸைக் கழற்றுங்கள், அப்புறம் பிளஸ். வரிசை மாறினால், பிளஸ் நட்டில் இருக்கும் ஸ்பேனர் பாடியில் பட்டுப் பெரிய தீப்பொறி வரும். மோதிரம், வாட்ச் இரண்டையும் கழற்றி வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு ஸ்பூன் சமையல் சோடா கரைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். பேட்டரி மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும்; சோடா உள்ளே போனால் ஆசிட்டைக் கெடுக்கும். துடைத்துக் காய்ந்தபின் தண்டையும் கிளாம்பின் உள்வட்டத்தையும் ஈயம் பளபளக்கும் வரை உப்புத்தாளால் தேய்த்து, பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில் மாட்டுங்கள். வாசலின் தடவுவதென்றால் இறுக்கிய பிறகு மேலே மட்டும்.

கிளாம்ப் எவ்வளவு இறுக்கினாலும் லூசாகவே இருந்தால் அது விரிந்துவிட்டது. உள்ளே ஆணியும் தகரத் துண்டும் செருகி ஓட்டும் வழக்கம் நம் ஊரில் உண்டு. ஒரு மழைக்காலம் தாங்காது. கிளாம்பை மாற்றுவதற்கு ஆகும் செலவு ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுதான்.

வோல்டேஜ். வண்டி சில மணி நேரம் நின்றபின் அளக்க வேண்டும். இப்போதுதான் ஓடி நின்றது என்றால் ஹெட்லைட்டை ஒரு நிமிடம் எரியவிட்டு அணைத்து, ஐந்து நிமிடம் கழித்து அளந்து பாருங்கள்; இல்லாவிட்டால் மேலோட்டமான சார்ஜ் ஏமாற்றும்.

- 12.6 அல்லது மேல்: முழு சார்ஜ்
- 12.4: முக்கால்
- 12.2: பாதி
- 12.0: கால்
- 11.8க்குக் கீழ்: காலி
- எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் 10.5 அருகிலேயே நிற்கிறது: ஆறு செல்லில் ஒன்று செத்துவிட்டது, மாற்றுவதைத் தவிர வழியில்லை

12.6 காட்டுகிறது என்பதால் மட்டும் பேட்டரியை நல்லது என்று விட்டுவிட முடியாது. மீட்டர் தண்டில் இருக்கும்போதே இன்னொருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 9.6க்கு மேல் நின்றால் பேட்டரி தாங்குகிறது. 12.6லிருந்து 7, 8 என்று சரிந்தால் பேட்டரி உள்ளுக்குள் பழுது. அடிக்கும்போதும் 12க்கு மேலேயே நின்றுகொண்டு வண்டி படபடக்கிறது என்றால் பேட்டரி நல்லது. கரன்ட் வழியில் எங்கோ தடை.

பேட்டரி மேல் பச்சைக் கண் தெரிகிறது என்று பலர் நம்பிவிடுகிறார்கள். அது ஆறு செல்லில் ஒன்றை மட்டும் பார்க்கும் கண். மற்ற ஐந்தின் நிலைமை அதற்குத் தெரியாது.

தண்ணீர். மூடி திறக்கும் வகையாக இருந்தால் ஒவ்வொரு செல்லிலும் பிளேட்டுகளுக்கு மேல் ஒரு சென்டிமீட்டராவது தண்ணீர் நிற்க வேண்டும். பிளேட் வெளியே தெரிந்தால் மூழ்கும் அளவுக்கு மட்டும் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, சார்ஜ் ஏற்றியபின் மீதியை நிரப்புங்கள். முதலிலேயே நிரப்பினால் சார்ஜ் ஏறும்போது வழியும். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து ஊற்றுவது பரவலான பழக்கம். அதில் காயிலின் உலோகத் துகளும் தூசியும் சேர்ந்தே வரும். கேன் தண்ணீரில் உப்பு இருக்கும். இரண்டும் வேண்டாம். ஆசிட் ஊற்றவே கூடாது: குறைவது தண்ணீர்தான்.

ஜம்ப் கொடுப்பது. கேபிளை எடைபோட்டு வாங்குங்கள். தடித்த பிளாஸ்டிக்குக்குள் தலைமுடி போலச் செம்பு வைத்து விற்பதும் உண்டு. சிறிய பெட்ரோல் காருக்கு 16 சதுர மில்லிமீட்டர், டீசலுக்கு 25 சதுர மில்லிமீட்டர் செம்பு வேண்டும்.

1. இரண்டு வண்டியும் ஒன்றையொன்று தொடாமல் நிற்கட்டும். இரண்டிலும் இக்னிஷன் ஆஃப்.
2. சிவப்பு கேபிள்: இறங்கிய பேட்டரியின் பிளஸ், அப்புறம் நல்ல பேட்டரியின் பிளஸ்.
3. கறுப்பு கேபிள்: நல்ல பேட்டரியின் மைனஸ், அப்புறம் இறங்கிய வண்டியின் இன்ஜினில் பெயின்ட் இல்லாத கனமான இரும்புப் பகுதி. இறங்கிய பேட்டரியின் மைனஸில் மாட்டாதீர்கள்; கடைசி இணைப்பில்தான் பொறி வரும், பேட்டரியிலிருந்து வருவது ஹைட்ரஜன். புதிய வண்டிகளில் மைனஸ் டெர்மினல் மேலேயே கரன்ட் சென்சாரும் உட்கார்ந்திருக்கும்.
4. உதவும் வண்டியை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். அப்புறம் செல்ஃப் அடியுங்கள், ஒரு தடவைக்குப் பத்து வினாடிக்கு மேல் வேண்டாம். அடுத்த முயற்சிக்கு முன் ஒரு நிமிடம் இடைவெளி.
5. ஓடத் தொடங்கியதும் உங்கள் வண்டியில் ஏசி ப்ளோயரைப் போட்டுவிட்டு, மாட்டியதற்கு நேர்மாறான வரிசையில் கழற்றுங்கள்.

நெடுஞ்சாலையில் லாரிக்காரரை உதவிக்கு நிறுத்தாதீர்கள். அவர் நல்ல மனதோடு கொடுப்பது 24 வோல்ட். உங்கள் வண்டியின் இன்ஜின் கம்ப்யூட்டரும் ஏர்பேக் யூனிட்டும் 12 வோல்ட்டுக்குச் செய்தவை. மின்சாரக் காரிடமிருந்தும் எடுக்க வேண்டாம், பெரும்பாலான கையேடுகள் தடுக்கின்றன.

தள்ளி ஸ்டார்ட் செய்வது மேனுவல் கியருக்கு மட்டும்: இக்னிஷன் ஆன், இரண்டாம் கியர், வேகம் வந்ததும் கிளட்சைச் சட்டென்று விடுங்கள். ஆட்டோமேட்டிக்கில் நடக்காது. டேஷ்போர்டே எரியாத அளவுக்கு இறங்கியிருந்தால் மேனுவலிலும் நடக்காது, பெட்ரோல் பம்பும் இன்ஜெக்டரும் ஓட கரன்ட் வேண்டும். இன்ஜின் ஓடாதவரை பிரேக்கும் ஸ்டீயரிங்கும் கல்லாக இருக்கும். சரிவில் முயற்சி செய்யாதீர்கள்.

ஓடத் தொடங்கிய பிறகு அங்கேயே பத்து நிமிடம் ஐடிலில் விட்டு அணைப்பது வீண். காலியான 35 ஆம்பியர்-அவர் பேட்டரிக்கு 4 ஆம்பியர் சார்ஜரில் பத்து மணி நேரம் பிடிக்கும். வெளிச் சார்ஜரில் ஒரு ராத்திரி போடுவதுதான் முறையான வழி. சார்ஜ் அளவு பேட்டரி அளவில் பத்தில் ஒரு பங்கு. காற்றோட்டமான இடம், பக்கத்தில் சிகரெட் கூடாது.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: டெர்மினல் சுத்தம், ஓய்வில் 12.5, ஜம்ப் கொடுத்தும் படபடக்கிறது.

## ஒரே ஒரு 'டக்', அதோடு சரி

பேட்டரி அளவு சரியாக இருந்து, ஒரு அழுத்தமான சத்தம் மட்டும் வந்தால் செல்ஃப் மோட்டார் பக்கம் பாருங்கள். ஆனால் அதற்கு முன் எர்த்.

பேட்டரி மைனஸிலிருந்து பாடிக்கும், பாடி அல்லது கியர்பாக்ஸிலிருந்து இன்ஜினுக்கும் பின்னல் பட்டை அல்லது தடித்த வயர் போகும். கடலோர ஊர்களில் அது போல்ட் முனையில் துருப்பிடிக்கும்; மேலே பார்த்தால் நன்றாகத்தான் தெரியும். மீட்டரின் ஒரு முனையை மைனஸ் தண்டிலும் மறுமுனையை இன்ஜின் இரும்பிலும் வைத்து செல்ஃப் அடியுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நல்லது. அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று ஏறினால் போல்ட்டைக் கழற்றித் தேய்த்து மாட்டுங்கள். எர்த் மோசம் என்பதற்குக் கைவசம் இன்னொரு சாட்சி: செல்ஃப் அடிக்கும்போது கிளட்ச் கேபிளோ ஆக்சிலரேட்டர் கேபிளோ சூடாகும், கரன்ட் அந்த வழியாகத் திரும்பப் பார்க்கிறது.

எர்த் சரி என்றால் செல்ஃப் மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும், அல்லது சொலினாய்டு (மோட்டாரின் சுவிட்ச்) காண்டாக்ட் கருகியிருக்கும். வண்டியை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட்பிரேக் போட்டுவிட்டு, ஸ்பேனர் கைப்பிடியால் மோட்டார் உடலை மெதுவாகத் தட்டிக்கொண்டே இன்னொருவர் செல்ஃப் அடித்தால் ஓடுகிறதா பாருங்கள். ஓடினால் பெரும்பாலும் பிரஷ்தான். அதை வைத்து ஒர்க்‌ஷாப் வரை போய்ச் சேருங்கள், வழியில் அணைக்காதீர்கள். முழு மோட்டாரை மாற்றச் சொன்னால் பிரஷ், புஷ், சொலினாய்டு மட்டும் மாற்றித் தர முடியுமா என்று பழைய ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடையில் விசாரியுங்கள். பெரும்பாலும் முடியும்.

## விளக்கெல்லாம் பளிச், செல்ஃப் சத்தமே இல்லை

ஆட்டோமேட்டிக்கில் கியரை பி-யிலிருந்து என்-னுக்கு மாற்றி அடியுங்கள். மேனுவலில் கிளட்சை அடிவரை மிதியுங்கள். தரைவிரிப்பு மடங்கி பெடலுக்கு அடியில் கிடப்பதும் உண்டு.

பட்டன் ஸ்டார்ட் வண்டியில் 'சாவி இல்லை' என்று காட்டினால் ரிமோட்டின் சிறிய வட்டச் செல் (பெரும்பாலும் சிஆர்2032) தீர்ந்திருக்கும். ரிமோட்டையே பட்டன் மேல் ஒட்டி வைத்து அழுத்தினால் பெரும்பாலான வண்டிகள் எடுத்துக்கொள்ளும்.

அடுத்து செல்ஃப் ஃபியூஸ், ரிலே. ஃபியூஸ் பெட்டி மூடியில் படம் இருக்கும். அதே எண் உள்ள ஹார்ன் ரிலேயை மாற்றிச் செருகிப் பாருங்கள். இதற்கும் அசையவில்லை என்றால் இக்னிஷன் சுவிட்ச், சொலினாய்டு வயர். அது எலக்ட்ரீஷியன் வேலை.

## செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றுகிறது

பேட்டரி விடைபெறத் தொடங்கிவிட்டது என்பதற்கு முன்னறிவிப்பு. மேலே சொன்ன வோல்டேஜ் சோதனையும் எர்த் சோதனையும் இங்கேயும் அதே. நம் வெயிலில் மூன்று நான்கு வருடம் ஓடிய பேட்டரி என்றால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பேட்டரியைக் கொல்வதில் குளிரைவிடச் சூடுதான் மோசம். கத்தரி வெயிலில் பழுதாகும் பேட்டரி, ஊட்டியிலோ கொடைக்கானலிலோ ஒரு இரவு வெளியே நிற்கும்போதுதான் காட்டிக்கொடுக்கும்.

## செல்ஃப் சுறுசுறுப்பாகச் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை

பேட்டரி குற்றவாளி இல்லை. பெட்ரோல், ஃபியூவல் பம்ப் ஃபியூஸ், சாவிப் படம் போட்ட இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்பு) விளக்கு ஆகியவற்றைப் பாருங்கள். திரும்பத் திரும்பச் செல்ஃப் அடித்து நல்ல பேட்டரியையும் காலி செய்யாதீர்கள்.

## ஜம்ப் கொடுத்தால் ஓடுகிறது, நாளை மறுபடி அதே கதை

அவசரப்பட்டுக் காசை விடுவது இந்த இடத்தில்தான். மூன்றில் ஒன்று: டைனமோ ஏற்றவில்லை, நிற்கும்போது ஏதோ கரன்ட் குடிக்கிறது, பேட்டரி சார்ஜைப் பிடித்து வைக்கவில்லை. இந்த வரிசையிலேயே பாருங்கள்.

டைனமோ. இன்ஜின் ஓடும்போது பேட்டரி தண்டில் 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். ஹெட்லைட், ப்ளோயர் போட்டபின்னும் 13.2க்குக் கீழே இறங்கக் கூடாது. கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் புதிய வண்டிகளில் சில நேரம் குறைத்துக் காட்டும், அப்போது ஹெட்லைட்டைப் போட்டதும் ஏறுகிறதா பாருங்கள். ஏறவில்லை என்றால் முதலில் பெல்ட்: தளர்ந்திருக்கிறதா, பளபளத்து வழுக்குகிறதா. அப்புறம் டைனமோவின் பிரஷ்ஷும், வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரும். 15க்கு மேல் போனால் ரெகுலேட்டர் கெட்டு பேட்டரியைக் கொதிக்க வைக்கிறது, அன்றைக்கே சரிசெய்ய வேண்டும்.

வண்டி ஓடும்போது பேட்டரி டெர்மினலைப் பிடுங்கி டைனமோவைச் சோதிக்கும் மெக்கானிக்குகள் இன்னும் இருக்கிறார்கள். கார்புரேட்டர் காலத்து வித்தை அது. இன்றைய வண்டியில் அந்த நொடியில் எழும் வோல்டேஜ் கம்ப்யூட்டரைக் காவு வாங்கும். கை வைக்கும் முன்னரே தடுத்துவிடுங்கள்.

நிற்கும்போது குடிப்பது. டைனமோ சரி என்றால் மல்டிமீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றுங்கள். மைனஸ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் தண்டுக்கும் நடுவில் மீட்டர் வருமாறு மாட்டுங்கள். சாவி உங்களிடமிருந்து தள்ளி இருக்கட்டும், கதவுகள் பூட்டியிருக்கட்டும், பேனட் லாக்கை ஸ்க்ரூடிரைவரால் மூடிய நிலைக்குத் தள்ளிவிடுங்கள். அரை மணி நேரம் காத்திருங்கள். வண்டியின் எலக்ட்ரானிக்ஸ் தூங்கப் போக அவ்வளவு நேரம் எடுக்கும். இடையில் இக்னிஷன் போட்டால் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

50 மில்லிஆம்பியர் வரை சாதாரணம். அதுவே 35 ஆம்பியர்-அவர் பேட்டரியை இரண்டு வாரத்தில் பாதியாக்கிவிடும் என்பதால், வெளிநாடு போகிறவர்கள் மைனஸைக் கழற்றி வைப்பது நல்லது. 300 மில்லிஆம்பியர் என்றால் இரண்டரை நாளில் பாதி. 5 வாட் கூரை விளக்கு எரிந்துகொண்டிருந்தாலே 400 மில்லிஆம்பியர்.

அதிகம் காட்டினால் பிற்பாடு பொருத்தியவற்றை முதலில் கழற்றுங்கள்: டேஷ்கேம், ஜிபிஎஸ் டிராக்கர், ஆம்ப்ளிஃபயர், வெளியில் போட்ட மியூசிக் சிஸ்டம். டிக்கி விளக்கு மூடியபின்னும் எரிகிறதா என்று பார்க்க, போன் கேமராவை வீடியோவில் உள்ளே வைத்து மூடிப் பாருங்கள். இதெல்லாம் இல்லை என்றால் ஃபியூஸ்கள். ஃபியூஸைப் பிடுங்கினால் தூங்கிய யூனிட் விழித்துக்கொள்ளும். அதனால் ஃபியூஸின் முதுகில் தெரியும் இரண்டு புள்ளிகளிலும் மில்லிவோல்ட்டில் அளந்து பாருங்கள். பூஜ்யம் இல்லாத ஃபியூஸ் வழியாகத்தான் கரன்ட் போகிறது. எல்லா ஃபியூஸும் பூஜ்யம், ஆனாலும் குடிக்கிறது என்றால் டைனமோவின் டையோடு கசியலாம். இதற்குமேல் எலக்ட்ரீஷியன்.

பேட்டரி. இரண்டும் சரி, முழுக்க சார்ஜ் ஏற்றி மைனஸ் கழற்றி வைத்த பேட்டரி மறுநாள் 12.4க்குக் கீழே வந்துவிட்டது என்றால் இப்போது கடைக்குப் போகலாம். பல கடைகளில் லோடு டெஸ்ட் (அதிகக் கரன்ட் இழுத்துப் பார்க்கும் சோதனை) இலவசமாகவே செய்வார்கள்.

## புது பேட்டரி வாங்கும்போது

பழையதன் மேல் இருக்கும் குறியீட்டைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். 38பி20எல் (38B20L) என்பதில் கடைசி எழுத்து எல்லுக்குப் பதில் ஆர் (R) என்று மாறினால் பிளஸ் மைனஸ் இடம் மாறிவிடும், கேபிள் எட்டாது. சிக்னலில் தானாக அணைந்து எழும் வண்டிக்கு அதற்கென்றே செய்த இஎஃப்பி (EFB) அல்லது ஏஜிஎம் (AGM) வகைதான். சாதாரணத்தைப் போட்டால் சில மாதத்தில் திணறும். தயாரித்த மாதம் ஆறு மாதத்துக்கு மேல் பழையதா என்று பாருங்கள். வாரன்டி அட்டையில் '24+24' என்று இருந்தால் முதல் 24 மாதம்தான் இலவச மாற்று, மீதி விகிதாசாரத் தள்ளுபடி. பழைய பேட்டரியைத் திருப்பிக் கொடுத்தால் விலை குறையும், ஈயத்துக்கு மதிப்பு உண்டு. மாட்டியபின் பவர் விண்டோவின் தானியங்கி ஏற்றம் மறந்திருக்கும். கண்ணாடியை முழுக்க ஏற்றி சுவிட்சைச் சில வினாடி பிடித்தால் பல வண்டிகளில் திரும்பிவிடும்.

## வெள்ளத்தில் நின்ற வண்டி

டிசம்பர் 2023 மிக்ஜாம் புயலில் சென்னையில் மூழ்கிய வண்டிகளுக்கான விதியே இங்கும். தண்ணீர் வடிந்ததும் பேட்டரி நன்றாக இருக்கிறதா என்று பார்க்க செல்ஃப் அடிக்காதீர்கள், இக்னிஷனைக்கூடப் போடாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராடு வளையும். மைனஸைக் கழற்றிவிட்டு, இன்ஷூரன்ஸுக்குச் சொல்லி, எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் வந்தது என்று தெரியும்படி போட்டோ எடுத்துவிட்டு, சக்கரம் தரையில் படாமல் மேலேற்றிப் போகும் டோவிங் வண்டியை வரவழையுங்கள்.